கடல் கடந்து கற்பிக்கப் போகலாமா?





சென்ற மாதம் ஒருநாள் மாலை, செபமாலை முடிந்து சனங்கள் கலைந்துபோன பின்பு, நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயாரும் அவருடைய மகளும் பங்குமனைக்கு வந்தார்கள். மகள் ஆங்கிலத்தில் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, நான்கு வருஷமாகப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறவள். கிறிஸ்தவத் தொண்டர் குழு ஒன்று இரண்டு வருஷத்துக்குக் கம்போடியா தேசத்துக்கு வரும்படி அவளை அழைத்திருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது அவள் வேலையன்று. கிராமப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் முறையைப் பழக்கிக் கொடுப்பதே வேலை. சம்பளம் கிடையாது. உணவும் தங்குமிடமும் மட்டும் உண்டு.

தாயார் தம் மனத்தில் இருந்ததை மறைக்கவில்லை. "சாமி, நம்ம ஏரிக்கரைப் பக்கம் பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு இங்கிலீஷ்ல ஒரு வரி தப்பில்லாம எழுத வரல. இதை விட்டுட்டு எங்கேயோ போய் வாத்தியாருக்குப் பாடம் சொல்லணுமாம். நீங்களே நியாயம் சொல்லுங்க" என்றார். மகள் தலை குனிந்தபடியே, "ஒரு வாத்தியாருக்குச் சொல்லிக் கொடுத்தா, அவர் ஆயுசுக்கும் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார் சாமி?" என்றாள்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. ஆகையால் அன்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை; செபித்து யோசிப்போம் என்று அனுப்பிவிட்டேன். யோசித்ததை இப்போது அவ்விருவருடைய சம்மதத்தோடு உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். ஏனெனில் இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமன்று. பிறருக்கு எதையாவது கொடுக்க விரும்பும் ஒவ்வொரு கிறிஸ்தவனும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இதில் அடங்கியிருக்கின்றன.

முதலாவது கேள்வி, தாயார் கேட்டதுதான். அருகில் இருப்பவன் பசித்திருக்கத் தூரத்தில் இருப்பவனுக்குச் சோறு கொண்டுபோவது முறையா?

இதை அற்பமான கேள்வி என்று தள்ளக் கூடாது. அர்ச்சியசிஷ்ட தோமாஸ் அக்குவீனாஸ் பிறர்சிநேகத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டென்று போதிக்கிறார். மற்றவையெல்லாம் சமமாக இருக்குமானால், இரத்த பாசத்தாலோ ஊராலோ நமக்கு நெருங்கியவர்களுக்கே நாம் அதிகம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் அவரே மற்றொன்றையும் சேர்த்துச் சொல்கிறார்: அந்நியன் மிகக் கொடிய நெருக்கடியில் இருக்க, நம்மவன் அவ்வளவு நெருக்கடியில் இல்லையென்றால், சில வேளைகளில் அந்நியனுக்கே முதலில் உதவ வேண்டும் என்பது அவர் போதனை. ஆகவே தூரத்தை மட்டும் அளந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. தேவை எவ்வளவு என்பதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். நல்ல சமாரியன் உவமையில் நம் ஆண்டவர் காட்டியதும் இதுவே அன்றோ? குற்றுயிராய்க் கிடந்தவனின் ஊரையும் குலத்தையும் அவன் விசாரிக்கவில்லை, காயத்தைப் பார்த்தான்.

கம்போடியாவின் காயம் எத்தகையது? 1975 முதல் 1979 வரை அத்தேசத்தை ஆண்ட கெமர் ரூஜ் என்னும் கூட்டத்தார் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். படித்தவன் என்பதே குற்றமாயிற்று. ஆசிரியர்களில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டனர், அல்லது பசியாலும் நோயாலும் மாண்டனர், அல்லது தேசத்தை விட்டே ஓடினர். 1979-க்குப் பின் பள்ளிகளைத் திறந்தபோது, கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களையே ஆசிரியர்களாக நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு வீடு இடிந்தால் ஒரு வருஷத்தில் கட்டிவிடலாம். ஆசிரியர் தலைமுறை ஒன்று அழிந்தால், அந்தக் குறை பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் தொடர்ந்து வரும்.

நம்மைப் பற்றியும் நினைத்துப் பார்ப்போம். அர்ச். சவேரியார் 1542-ம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, நவார் தேசத்திலும் பாரீஸ் நகரத்திலும் அவருக்கு வேலை இல்லாமலா போயிற்று? ஐரோப்பாவிலேயே எத்தனையோ தேவைகள் இருக்க, அவர் கடல் கடந்து வந்தார். 1545-ல் நமக்கு அருகிலுள்ள மயிலாப்பூரில் அப்போஸ்தலரான தோமையாருடைய கல்லறையண்டையில் சில மாதங்கள் தங்கிச் செபித்துவிட்டு, இன்னும் தூரமான மலாக்காவுக்குப் புறப்பட்டார். அன்று அவரை ஒருவரும் தடுக்காமற்போனதன் பலனை இன்று நாம் அனுபவிக்கிறோம். வாங்கும் காலத்தில் கடலைக் குறுக்கே பாராமல், கொடுக்கும் காலத்தில் மட்டும் பார்ப்பது நீதியாகுமா? 1957-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் விசுவாசக் கொடையைப் பற்றி நிருபம் எழுதி, தேவை மிகுந்த ஆப்பிரிக்க மறைமாநிலங்களுக்கு மற்ற மறைமாநிலங்கள் உதவ வேண்டும் என்று கேட்டார். தங்கள் வீட்டிலேயே குறைவுள்ளவர்களும் கொடுக்கலாம் என்பதே அந்த அழைப்பில் அடங்கிய பொருள்.

ஆனால் தாயாருடைய சொல்லில் இருக்கும் உண்மையை நான் மறைக்க மாட்டேன். அதே சவேரியார் கப்பலேறுமுன் வெனிஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் தீராத நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவர். தம் கண்முன் இருந்தவனுடைய புண்ணைக் கழுவியவரே கடலுக்கு அப்பால் இருந்தவனையும் நேசித்தார். பக்கத்துத் தெருப் பிள்ளையைப் பொறுமையாய் உட்கார வைத்து ஒரு பாடம் சொல்லிக் கொடுக்க மனமில்லாதவனுக்குத் தூரதேசத்துப் பிள்ளைமேல் வரும் இரக்கம் பெரும்பாலும் கற்பனையாகவே இருக்கும். தூரத்தில் இருப்பவனை நேசிப்பது எளிது. அவன் நம்மிடம் கடன் கேட்க மாட்டான், நம் வாசலில் குப்பை கொட்ட மாட்டான். ஆகையால் போவது தவறன்று; ஆனால் இங்கே செய்யாததை அங்கே செய்துவிடலாம் என்று எண்ணிப் போவது தவறு.

இரண்டாவது கேள்வி: கொடுக்கப் போவது ஆங்கிலம். அது கொடுக்கத் தக்க பொருள்தானா?

நாம் இதைக் கேட்பதற்கு உரிமையுள்ளவர்கள். ஆங்கிலத்தால் வரும் நன்மையும் நமக்குத் தெரியும், தீமையும் தெரியும். ஆங்கிலம் கற்றதால் வேலை கிடைத்து, குடும்பத்தைக் கரையேற்றிய பிள்ளைகள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். அதேபோல, தன் தகப்பனார் ஆங்கிலம் அறியாதவர் என்பதால் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு அவரை வரவேண்டாம் என்று சொன்ன பிள்ளையையும் நான் அறிவேன். மொழி ஓர் ஏணி. ஏறுவதற்கு வைத்த ஏணியைக் கிரீடமாகத் தலையில் வைத்துக்கொள்கிறவன் ஏறவும் மாட்டான், பிறர் கண்ணுக்கு அழகாகவும் இருக்க மாட்டான்.

கம்போடியா 1999-ல் தென்கிழக்காசிய நாடுகளின் சங்கத்தில் சேர்ந்தது. அச்சங்கத்தின் அலுவல் மொழி ஆங்கிலம். ஆகவே ஆங்கிலம் அறிந்தவனுக்கு அங்கே சில கதவுகள் திறக்கின்றன. அறியாதவனுக்கு அவை அடைபட்டிருக்கின்றன. நகரத்தில் காசு கொடுத்துப் படிக்கும் பிள்ளை எப்படியும் கற்றுக்கொள்கிறது. கிராமத்துப் பிள்ளைக்குத்தான் வழியில்லை. அந்த வழியைத் திறப்பது இரக்கம் மட்டுமன்று, நீதியுமாகும்.

இங்கே ஒரு செய்தியை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். நமக்கு அடுத்த பல்லாவரம் பல்லவர்களின் பெயரைத் தாங்கிய ஊர் என்பார்கள். அந்தப் பல்லவர் காலத்து எழுத்து கடல் கடந்து சென்றது. அதிலிருந்தே கம்போடியரின் கெமர் எழுத்து பிறந்தது. கெமர் மொழியில் தேதியிட்டுக் கிடைத்துள்ள கல்வெட்டுகளில் மிகப் பழையது கி.பி. 611-ம் ஆண்டைச் சேர்ந்தது. அவர்கள் நம் எழுத்தை வாங்கித் தங்கள் சொந்த மொழியை எழுதினார்கள். வாங்கிய எழுத்தைத் தங்கள் நாவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். இன்று அந்த எழுத்தைப் பார்த்து ஒருவரும் நமக்கு அடிமைப்பட்டதாக நினைப்பதில்லை. நல்ல கொடைக்கு அடையாளம் இதுவே. வாங்கியவன் கையில் அது அவனுடையதாகிவிட வேண்டும். கொடுத்தவன் பெயரை அது சுமந்துகொண்டே திரியக் கூடாது.

பிரான்சு தேசத்து அர்ச். லசால் அருளப்பர் 17-ம் நூற்றாண்டில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளை ஏற்படுத்தினபோது, அக்காலத்து வழக்கப்படி முதலில் லத்தீனில் வாசிக்கக் கற்பிப்பதை விட்டு, பிள்ளைகள் பேசிய பிரெஞ்சிலேயே தொடங்கச் செய்தார். அறிந்த தரையில் ஊன்றிய கால்தான் அடுத்த படியில் ஏறும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1685 வாக்கில் ரேன்ஸ் நகரத்தில் கிராமத்து ஆசிரியர்களுக்கென்றே ஒரு பயிற்சிக்கூடத்தையும் தொடங்கினார். அவரையே 1950-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். ஆகையால், ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவன் அங்குள்ள பிள்ளையின் தாய்மொழியை இழிவாகப் பேசினால், தான் ஏணி சாத்த வந்த சுவரையே இடிக்கிறான்.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. போகிறவர் அந்தத் தேசத்து மொழியைக் கற்றுக்கொள்ள ஆயத்தமா? சவேரியார் முத்துக்குளித்துறையில் தமிழும் போர்த்துகேயமும் அறிந்தவர்களைத் தேடிப் பிடித்து, செபங்களைத் தமிழில் ஆக்குவித்து, அவற்றைச் சிறுபிள்ளைபோல மனப்பாடம் செய்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக்கு சுவாமியார் தமிழை முறையாகக் கற்று, 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறுநூலை நமக்குத் தந்தார். வீரமாமுனிவர் 1732-ல் சதுரகராதி தொகுத்தார். மாணாக்கனாக உட்காரத் தெரிந்ததால்தான் அவர்கள் ஆசான்களாக நிற்க முடிந்தது. அங்குள்ள ஒரு சொல்லையேனும் கற்க விரும்பாதவன், தன் சொற்களை அங்கே கொண்டுபோக இன்னும் தகுதி பெறவில்லை.

மூன்றாவது கேள்வி, மகள் சொன்னதைப் பற்றியது. ஆசிரியருக்குக் கற்பித்தால் அது பன்மடங்காகப் பெருகும் என்றாளே, அது மெய்தானா?

மெய்தான், ஆனால் முழு மெய்யன்று. இதற்கும் நம் சென்னையிலேயே சாட்சிகள் உண்டு.

1789-ல் எழும்பூரில் படைவீரரின் அனாதைச் சிறுவர்களுக்காக ஏற்பட்ட காப்பகத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து போதகர் பொறுப்பாளரானார். போதிய ஆசிரியர்கள் இல்லை. இருந்தவர்களும் புதுமுறைக்கு இணங்கவில்லை. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். சட்டாம்பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் நம் பெரியோர் அறிந்ததே. பெல் அவர்கள் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே மற்றவர்களுக்குக் கற்பிக்க வைத்துப் பார்த்தார், வெற்றி கண்டார். 1797-ல் இதைப் பற்றி லண்டனில் புத்தகம் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் பரவிற்று. நமக்குக் கற்பிக்க வந்தவர் நம் மணலிலிருந்து கற்றுக்கொண்டு போனார் என்பதை மறக்கலாகாது.

மற்றொரு சாட்சி நம் பாட்டனார் காலத்தது. 1950-களின் முடிவிலும் 1960-களின் தொடக்கத்திலும், சென்னை ராஜ்யம் என்றிருந்த நம் மாநிலத்தில், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு பெருமுயற்சி நடந்தது. பிரிட்டிஷ் கவுன்சில் அதற்குத் துணை நின்றது. சிலரைப் பயிற்றுவித்து, அவர்கள் மற்றும் பலரைப் பயிற்றுவித்து, அப்பலர் எல்லோரையும் பயிற்றுவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. உருள உருளப் பெருகும் பனிப்பந்து என்று அதற்குப் பெயரிட்டார்கள். நமக்குப் பனிப்பந்து தெரியாது. ஆனால் ஏரியும் கடைமடையும் தெரியும். மதகில் திறந்த தண்ணீர் கடைமடை வயலுக்கு வந்து சேருமுன் எவ்வளவு மண்ணில் இறங்கிப்போகிறது! இப்படிப் படிப்படியாக இறங்கிவரும் எந்தப் பயிற்சிக்கும் அந்த ஆபத்து உண்டு. மேல்படியில் ஒருவர் செய்து காட்டுகிறார். அடுத்த படியில் அதை வாயால் விளக்குகிறார்கள். கடைசிப் படியில் நிற்கும் கிராமத்து ஆசிரியரிடம் ஒரு தாளும் சில வாக்கியங்களுமே வந்து சேருகின்றன. அவருக்கு எதிரே அறுபது பிள்ளைகள், ஒரு கரும்பலகை, ஓட்டைக் கூரை.

ஆதலால் ஆசிரியரைப் பயிற்றுவிக்கப் போகிறவர் பிரசங்கம் செய்துவிட்டுத் திரும்பக் கூடாது. அந்த அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் தாமே நின்று நடத்திக் காட்ட வேண்டும். பின்பு அந்த ஆசிரியரை நிற்க வைத்துத் தாம் கடைசி வாங்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மின்சாரமும் அச்சுத்தாளும் இருந்தால்தான் நடக்கும் பாடத்தை விட்டு, கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் சந்தைக் காய்கறியும் கொண்டு நடத்தக்கூடிய பாடத்தைக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரம் போய், பிள்ளைகளை அணைத்துக்கொண்டு செல்பேசியில் படம் எடுத்துத் திரும்புகிறவர்களின் நல்லெண்ணத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் அதிக லாபம் அடைந்தவர் யார் என்று அவர்கள் தங்கள் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இதைப் பற்றி உங்களுக்குப் போதிக்குமுன் என் குற்றத்தை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில், உதவிக் குருவாக இருந்த ஒரு பங்கில், மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு நடத்தினேன். நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். மூன்று வருஷம் நன்றாக நடந்தது. ஊரார் புகழ்ந்தார்கள். பிறகு எனக்கு மாற்றல் வந்தது. அடுத்த வருஷம் திருநாளுக்கு அங்கே போனபோது, வகுப்பு நடந்த அறையில் சப்பரத்துச் சாமான்களும் பந்தல் கம்புகளும் அடுக்கியிருந்தன. "நீங்க போனதும் நின்னுபோச்சு சாமி" என்றான் ஒரு பையன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் உண்டானது துக்கமன்று; ஒரு சிறு சந்தோஷம். நானில்லாமல் நடக்கவில்லையே என்ற சந்தோஷம்! அன்றிரவு ஆத்தும சோதனை செய்யும்போதுதான் அந்தச் சந்தோஷத்தின் அவலட்சணம் எனக்குத் தெரிந்தது. அந்த ஊரில் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் இருவரையாவது என் பக்கத்தில் நிறுத்திப் பழக்கியிருந்தால் வகுப்பு நின்றிராது. நான் பழக்கவில்லை. நேரமில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்த நாற்பது பிள்ளைகளும் என்னையே அண்ணாந்து பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

கொடுப்பவனுக்கு வரும் சோதனை இதுதான். பிறர் நம்மைத் தேடி வருவதை நாம் பிறர்சிநேகம் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் மெய்யான சிநேகம், அவன் நம்மைத் தேடவேண்டிய அவசியமே இல்லாமற்போகும் நாளை விரும்பி உழைக்கும். ஸ்நாபக அருளப்பர் தம் சீஷர் தம்மை விட்டு ஆண்டவரைப் பின்செல்வதைக் கண்டு மகிழ்ந்தார்; தாம் சிறுத்துப்போவதையே தம் வேலையின் நிறைவு என்று கொண்டார். சவேரியாரும் ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்து, செபம் சொல்லிவைக்கவும் அவசரத்தில் ஞானஸ்நானம் கொடுக்கவும் பழக்கிவிட்டே அடுத்த ஊருக்குப் போனார். பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பிப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அவர் முத்துக்குளித்துறையில் தங்கிய காலம் சில வருஷங்களே. விசுவாசம் நிலைத்தது ஏன்? அவர் தங்கியதால் மட்டுமன்று. விட்டுப்போக ஆயத்தம் செய்துவைத்ததால்.

நான்காவது கேள்வி எல்லாவற்றிலும் நுட்பமானது. அந்நாட்டாரில் மிகப் பெரும்பாலோர் புத்த சமயத்தார். கிறிஸ்தவத் தொண்டர் அவர்களிடம் ஆங்கிலத்தோடு போகிறார். ஆங்கிலம் தூண்டிற்புழுவா? அல்லது, வேதத்தைப் பற்றி வாயே திறக்காமல் பாடம் மட்டும் நடத்தினால் அது கிறிஸ்தவ ஊழியம் ஆகுமா?

நம் தாம்பரத்திலேயே இதற்கு இனமான ஒரு விவாதம் நடந்திருக்கிறது. 1938 டிசம்பரில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், நம் பிரிந்த சகோதரர்கள் பல தேசங்களிலிருந்து கூடி வேதபோதக மகாநாடு நடத்தினார்கள். பிற மதத்தாரைக் கிறிஸ்தவன் எவ்வாறு அணுக வேண்டும் என்பது அங்கே பெரிய தர்க்கமாயிற்று. நம் திருச்சபையோ இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1965 டிசம்பர் 7-ந் தேதி வெளியிட்ட வேதபோதக ஊழிய ஏட்டில், ஒருவரையும் கட்டாயத்தாலோ தகாத ஆசைகாட்டியோ விசுவாசத்துக்கு இழுக்கக் கூடாதென்று திட்டமாய்த் தடுத்திருக்கிறது. பதினாறாம் ஆசீர்வாதப்பர் பாப்பரசரும் 2005-ல் எழுதிய தம் முதல் நிருபத்தில், சிநேகம் வேறொரு லாபத்துக்கு வழியாகச் செய்யப்படலாகாது என்று போதித்தார். ஏழையின் தேவையை விசுவாசத்துக்கு விலையாக வைப்பவன் விசுவாசத்தையும் கெடுக்கிறான், ஏழையையும் அவமதிக்கிறான்.

அப்படியானால் எல்லாத் தேசத்தாருக்கும் போதிக்கும்படி ஆண்டவர் இட்ட கட்டளை என்னாவது? இதற்கு விடையாக ஒரு குருவின் சீவியத்தைக் காட்டுகிறேன். கனடா தேசத்துச் சேசு சபைக் குருவான வில்லியம் மெக்கே 1946-ல் டார்ஜிலிங் பகுதிக்கு வந்தவர். 1963-ல் பூட்டான் அரசாங்கம் அவரைப் பள்ளிக்கூடம் ஏற்படுத்த அழைத்தது. மதமாற்றம் செய்யலாகாது என்பது நிபந்தனை. அவர் சம்மதித்துக் கிழக்குப் பூட்டானிலுள்ள டிராஷிகாங்குக்குச் சென்றார். காங்லுங் என்னும் இடத்தில் 1968-ல் எழும்பிய ஷெருப்சே பள்ளி, பின்னர் அத்தேசத்தின் முதல் பட்டக் கல்லூரியாயிற்று. அங்கே கல்வி ஆங்கில வழியில் நடந்தது. இந்தியாவிலிருந்து எத்தனையோ ஆசிரியர்கள் சென்று உழைத்தார்கள். 1973-ல் அந்நாட்டு மன்னர் அவருக்குப் பூட்டானின் புதல்வன் என்னும் பொருள்படும் விருதைக் கொடுத்தார். 1988-ல் சேசு சபையார் அங்கிருந்து வெளியேற நேர்ந்தபோதும் மெக்கே சுவாமியார் அங்கேயே தங்கி, 1995-ல் மரித்தார்.

அவர் தாம் யார் என்பதை ஒருநாளும் மறைக்கவில்லை. அவர் குரு என்பது எல்லோருக்கும் தெரியும். தாம் கொடுத்த வார்த்தையையும் மீறவில்லை. ஞானஸ்நானக் கணக்கைப் பார்த்து அவர் ஊழியத்தை அளக்க முடியாது. ஆனால் வாக்குத் தவறாத ஒரு கிறிஸ்தவனை, கூலி பாராமல் தங்கள் பிள்ளைகளை நேசித்த ஒருவரை, ஒரு தேசத்தார் முப்பது வருஷத்துக்கு மேல் கண்ணால் கண்டார்கள். இது போதனையன்று என்று யார் சொல்லத் துணிவார்? வேர் நிலத்துக்குள் வேலை செய்கிறது. காய்க்கும் காலத்தைச் சர்வேசுரன் தம் கையில் வைத்திருக்கிறார்.

ஆகவே இரண்டு பக்கத்துப் பிழையையும் விலக்க வேண்டும். விசுவாசத்தைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்து விற்பது வஞ்சகம். கேட்பவனிடமும் தன் விசுவாசத்தைச் சொல்ல வெட்கப்படுவது கோழைத்தனம். தான் கிறிஸ்தவன் என்று வெளிப்படையாய்ச் சொல்லி, வந்த வேலையை உண்மையாய்ச் செய்து, நீ ஏன் இப்படி உழைக்கிறாய் என்று ஒருவன் கேட்டால் தாழ்மையோடு விடை சொல்வதே நேரான வழி. ஆங்கிலத்தை நன்றாகக் கற்பிப்பதுதான் அங்கே அவன் செய்யும் முதல் சாட்சியம். பாடத்தை அரைகுறையாய் நடத்திவிட்டுப் பக்தியாய்ப் பேசுகிறவனை யார் நம்புவார்?

அந்தத் தாயாருக்கும் மகளுக்கும் நான் சொன்னது என்னவென்று கேட்பீர்கள். மகளைப் பார்த்து, "போகலாம், அம்மா. ஆனால் போகுமுன் ஆறு மாதம் இங்கே செய்து காட்டு" என்றேன். தாயாரைப் பார்த்து, "நீங்கள் கேட்டது சரி. ஆகையால் நம் ஏரிக்கரைப் பிள்ளைகளிடமிருந்தே அவள் தொடங்கட்டும்" என்றேன். தாயார் சற்று நேரம் பேசாமலிருந்து, "இதுக்கு நான் என்ன மறுப்புச் சொல்ல, சாமி?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பும் தாய் செய்யும் தியாகம், போகிற பிள்ளை செய்யும் தியாகத்துக்குக் குறைந்ததன்று என்பதை நாம் நினைவில் வைப்போம்.

இப்போது ஆறு வாரமாகச் சனிக்கிழமை மாலைதோறும் பங்கு மண்டபத்தில் வகுப்பு நடக்கிறது. எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம், வருகிறார்கள். அவள் தனியாக நடத்தவில்லை. பன்னிரண்டாவது முடித்த இருவரைப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாள். முதல் மாதம் அவள் நடத்த அவர்கள் பார்த்தார்கள். இப்போது அவர்கள் நடத்த அவள் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறாள். சென்ற சனிக்கிழமை அவர்களில் ஒருவன் தவறாக ஒரு வாக்கியத்தை எழுதியபோது, அவள் எழுந்து ஓடவில்லை. ஒரு சிறுமியே கை தூக்கிப் பிழையைச் சொன்னாள். பையன் சிரித்துக்கொண்டே திருத்தினான். சன்னலுக்கு வெளியே நின்று பார்த்த எனக்கு என் பழைய வகுப்பும் அந்தப் பந்தல் கம்புகளும் நினைவுக்கு வந்தன.

இன்னும் இரண்டு மூன்று பேர் தேவை. கல்லூரியில் படிக்கிறவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், யாராயினும் ஞாயிறு பூசைக்குப் பின் என்னை வந்து பாருங்கள். ஆங்கிலம் வராதவர்களும் வரலாம். பிள்ளைகளைத் தமிழில் வாசிக்க வைக்கவும் ஆள் வேண்டும்.

சில மாதத்தில் அந்த மகள் புறப்படுவாள். சில வருஷத்தில் எனக்கும் மாற்றல் வரும். அதன்பின்பும் சனிக்கிழமை மாலை மண்டபத்தில் விளக்கு எரியுமானால், நாங்கள் இருவரும் கொடுத்தது உங்களுடையதாகிவிட்டது என்று அறிவேன். அதற்காகச் செபியுங்கள். அவளுக்காகவும், அவள் சந்திக்கப் போகும் முகந்தெரியாத ஆசிரியர்களுக்காகவும், உங்கள் குடும்பச் செபத்தில் ஒரு அருள்நிறைந்த மந்திரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஞான ஊழியன்,
பங்குச் சுவாமி